கிணறு தோண்டும் முன் பழுது பார்ப்பவரைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் அறக்கட்டளை உகாண்டாவின் கிழக்குப் பகுதியில் ஐந்து கிராமங்களுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கைப்பம்பு அமைத்துத் தர நிதி திரட்டியிருக்கிறது. எந்தப் பம்பு நல்லது, எவ்வளவு ஆழம் போக வேண்டும், சூரியசக்தி மோட்டார் வைக்கலாமா, இருபது ஆண்டுகள் உழைக்கும்படி அமைக்க என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த வரிசையே பல திட்டங்களைக் கெடுத்திருக்கிறது. பம்பு, ஆழம், மோட்டார் என்று தொடங்கி, கடைசியில்தான் பராமரிப்பைப் பற்றி யோசிக்கிறோம். ஊரகக் குடிநீர்ப் பணியில் தமிழ்நாட்டிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நான் கண்டவரை, நெடுநாள் உழைத்த கிணறுகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. பம்பு நின்றால் யார் வருவார், எந்தக் கருவியோடு வருவார், உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும், காசு யார் கையில் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் கிணறு தோண்டுவதற்கு முன்பே அங்கே விடை இருந்தது. எனவே, உங்கள் மாவட்டத்தில் கைப்பம்பு மெக்கானிக்குகள் யார் என்று முதலில் விசாரியுங்கள். உகாண்டாவில் மாவட்டந்தோறும் கைப்பம்பு மெக்கானிக்குகளின் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களை நேரில் சந்தித்து, எந்தப் பம்பைக் கழற்றி மாட்டத் தெரியும், எதற்குப் பாகம் கிடைக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துப் பம்பைத் தேர்ந்தெடுங்கள். உலகிலேயே சிறந்த பம்பாக இருந்தாலும், அதன் வாஷர் தலைநகர் கம்பாலாவில்கூடக் கிடைக்காது என்றால் அது உங்களுக்கு வேண்டாம்.

இதைச் சற்று வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு 2009இல் தொகுத்த கணக்கில், சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளில் கைப்பம்புகளில் சராசரியாக 36 விழுக்காடு இயங்காமல் கிடந்தன. பின்னர் வந்த கணக்கீடுகளில் இது நான்கில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. அப்படியே வைத்துக்கொண்டாலும், இன்று நான்கு ஊர்களுக்குப் பம்பு வைத்தால் ஏதோ ஓர் ஊரில் பெண்கள் மீண்டும் குட்டைக்கு நடக்கிறார்கள் என்றுதான் பொருள். இந்தக் கிணறுகள் எல்லாமே ஒரு நாள் ரிப்பன் வெட்டித் திறக்கப்பட்டவைதான்.

உகாண்டாவில் நீங்கள் பார்க்கப்போகும் பம்பு பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பம்பாகவே இருக்கும். அங்கே 'யு2' என்று அழைக்கப்படுவது நம் இந்தியா மார்க் 2தான். அதன் கதையைத் தெரிந்துகொண்டால் வடிவமைப்பைப் பற்றிப் பாதிப் பாடம் கிடைத்துவிடும். 1967இல் பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் பாறையைத் துளைக்கும் ரிக் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. அதன்பின் கடினப்பாறைப் பகுதிகளில் கிணறு துளைப்பது எளிதாயிற்று. துளைத்த கிணறுகளின்மேல் வைத்ததோ, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்துக்கென்று மேலைநாடுகளில் உருவான வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். ஒரு குடும்பம் அடித்த பம்பை ஓர் ஊரே அடித்தால் என்ன ஆகும்? 1970களின் நடுவில் நாட்டின் கைப்பம்புகளில் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பினர் கிணற்றுப் பணியில் கண்டறிந்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசும் யுனிசெஃபும் சென்னையிலிருந்த பொறியியல் ஆய்வு நிறுவனமும் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து புதிய பம்பை உருவாக்கின. கோவைப் பகுதியில், நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும், கூட்டம் ஓயாத கிணறுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கைப்பிடியின் முனையில் வளைந்த கால்வட்டம், அதில் தொங்கும் சங்கிலி, சங்கிலியில் கீழேயுள்ள பிஸ்டனை இழுக்கும் கம்பி என்ற அமைப்பால் கம்பி எப்போதும் நேர்செங்குத்தாகவே ஏறி இறங்கும். அதனால் பக்கவாட்டுத் தேய்மானம் இல்லை. காப்புரிமை இல்லாமல் வெளியிட்டதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று. இந்தியத் தர நிர்ணயம் 9301 வந்தபின் ஒரு தொழிற்சாலையின் பாகம் இன்னொரு தொழிற்சாலையின் பம்புக்கும் பொருந்தியது. ஆப்பிரிக்கா வரை அது பரவியதற்கு இவையே காரணம்.

இந்தப் பம்பு சுமக்கும் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உகாண்டாவில் ஒரு கைப்பம்புக் கிணற்றுக்கு 300 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்பது திட்டமிடும் அளவு. ஆக ஒரு நாளைக்கு 6,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் மஞ்சள் கேன்கள் முந்நூறு. பம்பின் உருளை, அதாவது கிணற்றுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் குழல், 63.5 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டனின் ஏற்ற இறக்கம் 125 மில்லிமீட்டர். ஓர் அடிக்கு 400 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் ஒரு நாளில் சுமார் 15,000 முறை அடிக்க வேண்டும். ஓராண்டில் அது 55 லட்சத்தை நெருங்குகிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்று வைத்தால், கேன் மாற்றும் நேரத்தைச் சேர்க்காமலேயே எட்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. 300 பேர் என்று வகுத்த இடத்தில் 600 பேர் வந்தால் பம்புக்கு இரவிலும் ஓய்வில்லை. ஊரின் ஆட்களை நீங்களே எண்ணுங்கள். பக்கத்து ஊரில் பம்பு பழுதாகிக் கிடந்தால் அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஐந்து கிராமத்துக்கு ஐந்து கிணறு என்பது உங்கள் நிதியின் கணக்கு. மக்கள்தொகையைப் பார்த்தால் அந்த ஐந்தையும் மூன்று ஊருக்குள்ளேயே போடுவதுதான் முறையாக இருக்கலாம்.

அடுத்து கிணறு. கிழக்கு உகாண்டாவின் பெரும்பகுதி பழம்பாறைகளால் ஆனது. அந்த வகையில் நம் தருமபுரி, சேலம் நிலத்துக்கு உறவு. மேலே சில பத்து மீட்டருக்குச் சிதைந்த பாறை, அதன் கீழே வெடிப்பு விட்ட பாறை, அதற்கும் கீழே இறுகிய கல். நீர் தங்குவது சிதைந்த பகுதியில். ஓடிவருவது வெடிப்புகள் வழியாக. ஆகவே ஆழம் என்பது நாம் முடிவு செய்யும் எண் அன்று. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பாறையின் தன்மையை அறியும் புவிமின்தடை ஆய்வு செய்து, சிதைந்த அடுக்கு எங்கே தடிமனாக இருக்கிறது, வெடிப்பு எங்கே போகிறது என்று பார்த்து இடம் குறிக்க வேண்டும். இறுகிய கல்லுக்குள் வெறுமனே ஆழமாகப் போவதால் நீர் கூடிவிடாது. இடத்தைக் குறிக்கும்போதே கழிப்பறை, மாட்டுத்தொழுவம், இடுகாடு ஆகியவை மேட்டுப் பக்கம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் இரண்டு, மூன்று புள்ளிகளைக் குறித்துத் தரட்டும். அவற்றில் எது வசதி என்பதை ஊர்ப் பெண்கள் சொல்லட்டும். தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

துளையிடும் நாளில் உங்கள் தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் ரிக் வண்டியின் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். மேற்பார்வை இல்லாமல் போட்ட கிணறுகளின் குறைகள் எல்லாம் மண்ணுக்குள் மறைந்துவிடும்; பிறகு பார்க்கவே முடியாது. நீர் உள்ளே நுழையத் துளைகள் கொண்ட சல்லடைக் குழாய் நீர் வரும் அடுக்குக்கு எதிரே நிற்கிறதா? குழாயைச் சுற்றிப் போடும் கூழாங்கல் ஆற்றுப்படுகையின் உருண்டைக் கல்லா, அல்லது கரைந்து களியாகும் செம்பாறைத் தூளா? கிணற்றைக் காற்றழுத்தத்தால் கழுவும்போது நீர் தெளியும்வரை கழுவினார்களா, கலங்கலாக இருக்கும்போதே மூட்டை கட்டினார்களா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் நீரோடு வரும் நுண்மணல்தான் பிஸ்டன் வாஷரை அரித்துத் தின்னும். சரியாகக் கழுவாத கிணற்றில் ஓராண்டு வர வேண்டிய வாஷர் சில மாதத்தில் போய்விடும். பழி பம்பின்மேல் விழும்.

மேல்மட்டத்தில் சில மீட்டருக்குக் குழாயைச் சுற்றிச் சிமெண்டுப் பால் ஊற்றி அடைக்க வேண்டும். மேடை, வாய்க்கால், உறிஞ்சுகுழி ஆகியவை அழகுக்கல்ல. மேடையில் விரிசல் விட்டால், சிந்திய நீரும் மாட்டுச் சாணமும் கலந்த குழம்பு குழாயை ஒட்டியே உள்ளே இறங்கும். அதன்பின் எவ்வளவு ஆழத்தில் தூய நீர் இருந்தாலும் பயனில்லை.

நீரளவைப் பற்றி ஒரு நுட்பம் சொல்கிறேன். நம்மூர் ஆட்களுக்கு இது உடனே புரியும். போர் போடும்போது 'ஒரு இஞ்ச் தண்ணீர், இரண்டு இஞ்ச் தண்ணீர்' என்பார்கள். வெளியே வழியும் நீரைச் செங்கோண வி-வெட்டுத் தகட்டின் வழியே விட்டு, வெட்டின் அடியிலிருந்து நீரின் உயரத்தை அளப்பதுதான் முறை. ஒரு இஞ்சுக்கு நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது லிட்டர். இரண்டு இஞ்சுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். நீரின் அளவு உயரத்தின் 2.5 அடுக்காகக் கூடுவதால், இரண்டு இஞ்சுக்கு நிமிடத்துக்கு 48 லிட்டர் அளவுக்கு வரும். ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு இஞ்சு என்பது கைப்பம்புக்கே போதாத கிணறு. இரண்டு இஞ்சு என்பது தாராளமான கிணறு. அரை இஞ்சைக் கூட்டிச் சொல்லும் ஒப்பந்ததாரர் உங்களை எவ்வளவு தூரம் ஏமாற்றுகிறார் என்பது இதிலிருந்து விளங்கும். இந்த அளவும்கூடத் துளையிடும் நேரத்துக் கணிப்புதான். பிறகு முறையான இறைப்புச் சோதனை வேண்டும். கைப்பம்பு இறைப்பதைவிடச் சற்றே கூடுதலான சீரான வேகத்தில் பல மணி நேரம் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஏறுகிறது என்றும் குறிக்க வேண்டும். ஏற மறுக்கும் கிணறு, கையிருப்பை மட்டும் காட்டி ஏமாற்றும் கிணறு. கோடையின் முடிவில் சோதித்தால் உண்மை தெரியும். மழைக்காலத்தில்தான் சோதிக்க முடிகிறது என்றால், கோடையில் மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதற்கு இடம் விட்டு உருளையை இறக்குங்கள். உருளை கிணற்றின் அடியில் உட்காரவும் கூடாது. வண்டல் சேர அடியில் இரண்டு மூன்று மீட்டர் காலியாக இருக்கட்டும்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கிணற்றுக்குள் இறங்கும் குழாய்.

இந்தியா மார்க் 2 முதலில் வந்தபோது உள்ளே தொங்கியவை துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், அதாவது ஜி.ஐ. குழாய்கள். நம்மூரில் நீர் பெரும்பாலும் காரத்தன்மை பக்கம் இருப்பதால் அவை தாக்குப்பிடித்தன. ஆப்பிரிக்காவின் பழம்பாறைப் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீர் லேசான அமிலம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5க்குக் கீழே போனால் துத்தநாகப் பூச்சு சில மாதங்களில் கரைந்துவிடும். அதற்கப்புறம் இரும்பு. முதலில் போவது மரை வெட்டிய இடம், ஏனெனில் மரை வெட்டும்போதே பூச்சு போய்விடுகிறது. மரையில் குழாய் அறுந்தால், கீழே தொங்கும் மொத்தமும் கிணற்றுக்குள் விழும். அது நடப்பதற்கு முன்பே ஊர் கிணற்றை ஒதுக்கிவிடும். காலையில் முதலில் அடிக்கும் நீர் செம்மண் கரைசல் போல வரும். அதில் துவைத்த வெள்ளைத் துணி மஞ்சளாகும். தேநீர் போட்டால் மை போலக் கறுக்கும். அந்தத் தேநீரைப் பார்த்த எந்தக் குடும்பமும் ஆய்வறிக்கைக்குக் காத்திருக்காது, குட்டைக்குப் போய்விடும். பம்பு இயங்கும், ஆனால் கிணறு செத்துவிட்டது.

இரும்பு நிலத்திலிருந்து வருகிறதா, குழாயிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விடியற்காலையில், இரவெல்லாம் அடிக்காத பம்பிலிருந்து முதல் நீரை ஒரு புட்டியில் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து அடித்தபின் இன்னொரு புட்டியில் பிடியுங்கள். இரண்டிலும் இரும்பை அளந்து பாருங்கள். இரண்டாவதில் சட்டென்று குறைந்திருந்தால், குழாய்தான் கரைகிறது. இரண்டிலும் ஒரே அளவென்றால் நிலத்தின் இரும்பு. அதற்கு வடிகட்டும் வழியோ வேறு இடமோ தேட வேண்டும். பழைய கிணறுகள் உங்கள் ஊர்களைச் சுற்றி இருந்தால், தோண்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையை அங்கே செய்துவிடலாம்.

உகாண்டா அரசு 2016இல் கைப்பம்புகளுக்கு ஜி.ஐ. குழாய் பயன்படுத்துவதை நிறுத்தி உத்தரவிட்டது. சரியான முடிவு. ஆனால் ஒப்பந்ததாரர் விலை குறைவென்று அதையே கொண்டுவந்து இறக்கக்கூடும். ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்றால் 304 தரம், உப்பு கூடிய நீர் என்றால் 316 தரம் என்று குறிப்பிட்டு, தரச்சான்றிதழோடு கேளுங்கள். 'எஸ்.எஸ்.' என்று மட்டும் எழுதினால் எந்தத் தரமும் வரும். ஆழம் அதிகமில்லாத இடத்தில் தடிமனான பிவிசி குழாயும் போதும். அது இலேசு, பழுது பார்ப்பவருக்கும் நல்லது.

அந்த 'இலேசு' என்பதன் பொருள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 32 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய் மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல். உருளை 30 மீட்டரில் இருந்தால் குழாய் மட்டும் சுமார் 95 கிலோ, உள்ளே ஓடும் கம்பிகள் இன்னொரு 27 கிலோ, குழாய்க்குள் நிற்கும் நீர் ஏறத்தாழ 30 கிலோ. சில ரூபாய் பெறும் வாஷர் ஒன்றை மாற்ற இந்தப் பாரத்தை மூன்று மூன்று மீட்டராக மேலே தூக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் தானாகப் பற்றும் கிளாம்ப் குழாயைப் பிடித்திருக்க, மேல் குழாயைக் கழற்றி எடுப்பார்கள். அந்தக் கிளாம்ப் இல்லாமல் கயிற்றையும் கட்டையையும் வைத்துத் தூக்கும் ஊர்களும் உண்டு. கை நழுவினால் எல்லாம் கிணற்றின் அடியில்தான். ஆகவே உங்கள் நிதியில் ஒரு முழுக் கருவிப்பெட்டிக்கு இடம் வையுங்கள். அது எந்த ஊருக்கும் சொந்தமாக இல்லாமல் மெக்கானிக்குகள் சங்கத்தின் பொறுப்பில் இருக்கட்டும்.

இந்தத் தொல்லையைக் குறைக்கவே 1980களில் உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து கோவையில் நடத்திய களச்சோதனையிலிருந்து மார்க் 3 உருவானது. குழாயை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தியதால் பிஸ்டனைக் கம்பியோடு சேர்த்து மேலே உருவிவிடலாம். குழாயைத் தொட வேண்டியதில்லை. வாஷர் மாற்றுவது ஊருக்குள்ளேயே முடிகிற வேலையாயிற்று. அகலக் குழாயின் எடை காரணமாக அது அதிக ஆழத்துக்கு ஆகாது. தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டால் பல மடங்கு உழைக்கிறது என்பதும் அதே சோதனையில் உறுதிப்பட்டது. உங்கள் ஊர்களில் நீர்மட்டம் 20, 25 மீட்டருக்குள் என்றால், உகாண்டாவில் 'யு3' என்று வழங்கும் இந்த வகையை, பிவிசி அல்லது எஃகுக் குழாயோடு போடுவதையே நான் பரிந்துரைப்பேன். மட்டம் ஆழமென்றால் யு2. நீர்மட்டம் 45 மீட்டரில் இருந்தால் பிஸ்டன்மேல் நிற்கும் நீரின் எடை மட்டும் 140 கிலோவைத் தாண்டும். கைப்பிடியின் நெம்புகோல் அதை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தாலும், அடிப்பது பத்து வயதுப் பெண்ணாக இருந்தால் அது பாரமே.

ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்பவருக்குக் கற்றுத்தர வேண்டியவை அதிகமில்லை. சங்கிலிக்கு கிரீஸ், தளர்ந்த நட்டை முறுக்குவது, மேடையைக் கழுவுவது. கூடவே இரண்டு சோதனைகள். நாற்பது முறை முழு அடி அடித்தால் பதினைந்து லிட்டராவது வர வேண்டும். குறைந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. அரை மணி நேரம் பம்பை விட்டுவிட்டு மீண்டும் அடித்தால் ஐந்து அடிக்குள் நீர் வர வேண்டும். அதற்கு மேல் ஆனால் அடி வால்வோ குழாய் இணைப்போ ஒழுகுகிறது. மாதம் ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வைத்தால், பம்பு நிற்பதற்கு முன்பே மெக்கானிக்கை அழைக்கலாம். இந்தப் பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்யா என்ற பெண்கள் கல்வித் திட்டத்தின் வழியே எழுத்தறியாத பெண்கள் பலர் கைப்பம்பு மெக்கானிக்குகளாகவே ஆனார்கள். 150 கிலோவைத் தூக்குவது பெண்களால் ஆகாது என்று சொன்னவர்களுக்கு அவர்களே பதில்.

பணத்தைப் பற்றி. ஊர்க் குழு மாதாமாதம் வசூலித்துப் பெட்டியில் வைக்கும் என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் இருக்கும். முதல் ஆண்டில் பம்பு பழுதாகாது; எனவே எதற்குக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழும்; வசூல் நின்றுவிடும். பெட்டியில் இருப்பது யாரோ ஒருவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்போது கரையும். அதைக் குற்றமென்று சொல்லவும் மனம் வராது. ஊரார் பொறுப்பற்றவர்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நகரத்தில் யாரிடமும் தெருக்குழாயின் பழுதை நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள் என்று சொல்வதில்லை. ஏழை ஊரிடம் மட்டும் அதைச் சொல்கிறோம். இன்று எனக்கு நம்பிக்கை தருவது வேறு வழி. பல ஊர்கள் சேர்ந்து ஒரு மெக்கானிக் குழுவுக்குச் சிறு தொகையை முறையாகச் செலுத்தும். பதிலுக்கு, நின்ற பம்பை இத்தனை நாளுக்குள் ஓடவைப்பது குழுவின் பொறுப்பு. கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைப்பிடிக்குள் சிறு கருவி பொருத்தி, பம்பு அடிக்கப்படுகிறதா என்பதைக் கைபேசி வழியே அறியும்படி செய்து, அதோடு பழுதுபார்ப்புக் குழு ஒன்றையும் அமைத்தார்கள். பழுதான பம்பு சராசரியாக 27 நாட்கள் கிடந்த நிலை மாறி, மூன்று நாட்களுக்குள் ஓடத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாகவே ஃபண்டிஃபிக்ஸ் என்ற சேவை வளர்ந்தது. தமிழ்நாட்டில் ஊரில் ஒரு பாதுகாவலர், ஒன்றியத்தில் ஒரு ஃபிட்டர், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு என்று மூன்றடுக்கு முறை வைத்துக் கைப்பம்புகளைக் காப்பாற்றிய காலத்திலும் அரசின் சம்பளம் அதற்குப் பின்னால் இருந்தது. எனவே, உங்கள் மொத்த நிதியில் ஒரு பகுதியைத் தனியே வைத்து, முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மெக்கானிக்குகள் சங்கத்தோடு பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள். ஐந்து கிணற்றை நான்காகக் குறைக்க வேண்டி வந்தாலும் இதைச் செய்யுங்கள்.

சூரியசக்தி மோட்டார் வைக்கலாம். கைப்பம்புக்குப் போதும் கிணறு மோட்டாருக்குப் போதாது என்பதை மறக்காதீர்கள். சோதனையில் நிமிடத்துக்கு அறுபது லிட்டருக்குக் குறையாமல் நாள் முழுதும் நிலைத்து வரும் கிணறு, மேல்நிலைத் தொட்டி, மோட்டாரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பழுது பார்க்கத் தெரிந்த ஆள், பேனல் திருட்டுக்குக் காவல் எல்லாம் அமைந்தால் ஊருக்கு அது பெரிய வசதி. நீர்மட்டம் இறங்கினால் தானே அணையும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். முதல் கட்டத்தில் ஐந்திலும் வைக்காமல், நல்ல நீரூற்று கிடைத்த ஒரே ஓர் ஊரில் வையுங்கள்.

நீரின் தரச் சோதனையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அதனால் இதை எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, நல்லெண்ணத்தோடு லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. நீர் தெளிவாக இருந்தது, கிருமி இல்லை. அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1993இல் சாப்பாய் நவாப்கஞ்சில்தான் அது முதலில் அங்கே கண்டறியப்பட்டது. 1998-99இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகமும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 3,500க்கும் மேற்பட்ட கிணறுகளில் சோதித்தபோது, 150 மீட்டருக்குள் இருந்த கிணறுகளில் 27 விழுக்காடு நாட்டின் வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு அதில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு பாதுகாப்பற்ற பம்புகளுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை அந்த நீரைக் குடித்து வளர்ந்திருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதிகளில் ஃபுளோரைடு அதிகம். அது என்ன செய்யும் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழுப்பேறிய பற்களைப் பார்த்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆகவே ஒவ்வொரு கிணற்றிலும் பம்பு பொருத்துவதற்கு முன் ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட், இரும்பு, மாங்கனீசு, உப்புத்தன்மை, பி.எச்., மலக்கிருமி ஆகியவற்றைச் சோதித்துவிடுங்கள். வரம்பைத் தாண்டினால் எவ்வளவு செலவழித்திருந்தாலும் அந்தக் கிணற்றைக் கைவிடும் துணிவு வேண்டும். கைவிட்ட துளையை அடிவரை மண்ணிட்டு மேலே சிமெண்டால் மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததை நாடே பார்த்தது. உங்கள் கிணற்றால் எந்த ஊரிலும் அது நடக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். 'நீர் வந்தால்தான் பணம்' என்று எழுதினால் உங்களுக்கு இலாபம் போலத் தோன்றும். ஆனால் நட்டத்துக்கு அஞ்சும் ஒப்பந்ததாரர் அரை இஞ்சுக் கிணற்றை வெற்றி என்று காட்டுவார், ஆழத்தைக் குறைப்பார். தோண்டிய மீட்டருக்கும் இறக்கிய குழாய்க்கும் செய்த சோதனைக்கும் தனித்தனியே விலை வைத்து, நீர் வராத துளைக்கும் நியாயமான தொகை கொடுங்கள். இடம் தேர்ந்த பொறுப்பு ஆய்வாளருடையது. அந்தத் தோல்வியைத் துளையிடுபவர் தலையில் கட்டக் கூடாது.

எந்த ஆழத்தில் என்ன மண், எங்கே நீர் வந்தது, சல்லடைக் குழாய் எங்கே, இறைப்புச் சோதனையின் எண்கள், உருளையின் ஆழம், நீரின் பி.எச். ஆகியவற்றை எழுதிய பதிவுத்தாளின் ஒரு படி மாவட்ட நீர் அலுவலகத்துக்கும், ஒரு படி மெக்கானிக்குகள் சங்கத்துக்கும், ஒரு படி ஊர்க் குழுவுக்கும் போகட்டும். கிணற்றின் எண்ணை மேடைச் சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே பொறித்துவிடுங்கள். வருங்காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது, உருளையை இன்னும் இரண்டு குழாய் கீழே இறக்க இடம் இருக்கிறதா என்பதை மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.

உங்கள் ஊர்களைச் சுற்றியுள்ள பழைய கிணறுகளின் பி.எச். அளவும் கோடைகால நீர்மட்டமும் கிடைத்ததும் அனுப்புங்கள். குழாய் வகையையும் யு2வா யு3யா என்பதையும் ஊர்வாரியாகச் சேர்ந்து முடிவுசெய்யலாம்.